எபிநேசருக்கு மட்டும் திட்டு இல்லை

கொசத்தலை யுனைடெட் கால்பந்து கிளப்பில் ஒரு ஜோசியர் இருந்தார். அவருக்குக் குடுமி கிடையாது, கூண்டுக்கிளி கிடையாது, வெற்றிலை பாக்கு தட்சிணை எதுவும் கேட்கமாட்டார். மாடி அறையில் சின்ன பீரோ அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, அதற்குத் தனியாக ஏசி, அவ்வளவுதான் அவருடைய சொத்து. அவரை உருவாக்கியவள் நிலோஃபர். கிளப்பின் கோப்புகளில் அவருக்கு 'ஆட்டக்காரர் தக்கவைப்பு முன்கணிப்பு அமைப்பு' என்று பெயர். இதை வாய் நிறையச் சொல்ல யாருக்குப் பொறுமை இருக்கிறது? வாசல் காவலாளியிலிருந்து செயல் அதிகாரி வரைக்கும் எல்லாருக்கும் அவர் ஜோசியர்தான்.

ஜோசியருக்கு வேலை ஒன்றே ஒன்று. ஏப்ரலில் சீசன் முடிந்துவிடும். யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை அனுப்புகிறோம் என்பதை ஒவ்வொரு கிளப்பும் மே மாத முடிவுக்குள் லீக்கிடம் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் டீக்கடையில் ரசிகர்கள்தான் இதை வைத்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். 'அவன் காலி', 'இவனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கேரண்டி' என்று அடித்துப் பேசுவார்கள். இப்போது கிளப்புகளே அதற்கென்று ஆளையும் இயந்திரத்தையும் வைத்துக் கணிக்கத் தொடங்கிவிட்டன. பக்கத்து வீட்டுக்காரன் யாரை விடப்போகிறான் என்று முன்கூட்டியே தெரிந்தால், அந்த ஆட்டக்காரரிடம் முதலில் போய்ப் பேசிவிடலாம் அல்லவா?

போன வருஷம் அதுதான் நடந்தது. கொசத்தலையின் இடதுபக்க ஆட்டக்காரர் ஒருவரை அனுப்பலாமா வேண்டாமா என்று இங்கே கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தபோதே, கேரளத்து கிளப் ஒன்று அவரோடு பேசி முடித்துவிட்டிருந்தது. செயல் அதிகாரி குமரகுருபரனுக்கு அது தாங்கவில்லை.

"நாம என்ன முடிவு எடுக்கப்போறோம்னு நமக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, நிலோஃபர். நம்ம வீட்டுல என்ன சமையல்னு அடுத்த தெருவுல போய்க் கேக்கற மாதிரி ஆயிடுச்சு. நம்மளைப் பத்தி நாமளே முதல்ல கணிக்கணும்."

நிலோஃபருக்கு இது பிடித்துப்போய்விட்டது. சும்மாவே எதையாவது நோண்டிக்கொண்டிருக்கும் பெண் அவள். வியாசர்பாடி மைதானத்தில் பெண்கள் அணிக்கு ஆடிய காலத்தில், பந்தை உதைப்பதைவிட அது ஏன் அந்தப் பக்கம் வளைந்தது என்று யோசித்து நின்றதற்குத்தான் அதிகம் வசவு வாங்கியிருக்கிறாள். அவள் ஜோசியருக்கு எல்லாவற்றையும் ஊட்டினாள். யார் எவ்வளவு ஓடினார், எத்தனை பந்தைப் பறிகொடுத்தார், யாருக்கு எங்கே காயம், பயிற்சி மைதானத்தைச் சுற்றி வைத்திருந்த கேமராக்களும் மைக்குகளும் பதிந்த அத்தனையும் உள்ளே போயின. பிறகு பழைய சீசன்களின் முடிவுகளை மறைத்து வைத்துவிட்டு ஜோசியரிடம் கேட்டாள். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார்.

அவளுக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் அதிகமாக வந்தது. ஜோசியர் எதைப் பார்த்துச் சொல்கிறார்? கோல் கணக்கை எடுத்துவிட்டுக் கேட்டாள், சரியாகவே சொன்னார். காயங்களை எடுத்தாள், வயதை எடுத்தாள், ஓட்டத்தை எடுத்தாள். மனிதர் அசைந்துகொடுக்கவில்லை. கடைசியில் மைக்குகளின் ஒலியை எடுத்ததும் அப்படியே குழம்பிப்போய் வாய்க்கு வந்ததை உளற ஆரம்பித்தார். நிலோஃபர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த ஒலியைத் தானே கேட்டாள். ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் ஒரே குரல்தான் நிறைந்திருந்தது. அது பயிற்சியாளர் லூர்துசாமியின் குரல்.

லூர்துசாமிக்கு மைக் தேவையில்லை. காசிமேட்டுக் கடற்கரையில் அலைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்த தொண்டை. "இன்னாத்துக்குடா காலு உனக்கு, செருப்பு மாட்டவா?" என்று அவர் ஒருமுனையில் நின்று கேட்டால் மறுமுனையில் இருப்பவன் தன் காலைக் குனிந்து பார்ப்பான். "பந்தைப் பார்த்து ஏண்டா ஓடற, பாம்பாடா அது?", "கண்ணு பொடனியிலயா கீது?" இப்படியே போகும். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தவர். சீசனில் கோப்பை வருகிறதோ இல்லையோ, அவர் வசவில் ஒருநாளும் குறை வந்ததில்லை.

நிலோஃபர் குமரகுருபரனிடம் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"சார், நம்ம கோச் யாரைத் திட்றாரோ அவங்க அடுத்த சீசனும் இருக்காங்க. யாரைத் திட்டறதை நிறுத்திடறாரோ அவங்க போயிடறாங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சார்."

"இதுக்கா இவ்ளோ பெரிய மெஷினு? அதுக்கு ஏசி வேற!" என்றார் அவர். பிறகு கொஞ்சம் யோசித்தார். "ஏன் அப்படி?"

"எனக்குத் தோணறதைச் சொல்றேன் சார். அனுப்பப்போற பையன்கிட்ட அவருக்குக் குத்த உணர்ச்சி வந்துடுது. அதனால மரியாதையா நடத்தறார். 'பரவால்ல தம்பி, நல்லா ட்ரை பண்ணே'ன்னு முதுகைத் தட்டிக் குடுக்கறார். அவர்கிட்ட அந்தத் தட்டு வாங்கிட்டா கதை முடிஞ்சுது."

"அப்போ அவருக்கு முன்னாடியே தெரியுது. மீட்டிங்ல நம்மகிட்ட நடிக்கறாரு."

"இல்ல சார், அதுதான் விசித்திரமே. மாசக்கணக்கா முன்னாடியே திட்டு நின்னுடுது. ஆனா மே மாசம் மீட்டிங்ல உக்காந்து நிஜமாவே மண்டையைப் பிச்சுக்கறார். வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வரேன்றார். அப்புறம் வந்து, ஜோசியர் எப்பவோ சொன்ன அதே பேரைத்தான் சொல்றார். அவர் முடிவெடுத்துட்டார்னு அவருக்கே தெரியறதுக்கு முன்னாடி அவர் வாய்க்குத் தெரிஞ்சிடுது."

குமரகுருபரன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா மனுஷன் வாயைப் பார்த்துப் பேச ஆரம்பிச்சுடுவாரு. ஜோசியர் கெட்டுப்போயிடுவாரு."

நிலோஃபர் சரி என்று தலையாட்டினாள். ஒரு மனிதருக்கே தெரியாத அவருடைய ரகசியத்தை ஒட்டுக்கேட்கிறோமே என்று உள்ளே ஒரு முள் குத்தத்தான் செய்தது. ஆனால் ஆர்வம் அந்த முள்ளை ஓரமாகத் தள்ளிவிட்டது. அன்று மாலையே இந்த வருஷத்துக் கணிப்பை ஓடவிட்டாள். வரிசையாகப் பெயர்கள் வந்தன. எல்லாம் அவள் எதிர்பார்த்தபடியே இருந்தன. ஒரு பெயரிடம் வந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

எபிநேசர்: போகிறார். கிட்டத்தட்ட நிச்சயம்.

எபிநேசர் கொசத்தலையின் நடுத் தடுப்பாட்டக்காரன். அவன் நின்றால் சுவர், எகிறினால் தென்னைமரம். தலையால் பந்தைத் திருப்பி அனுப்புவதில் லீக்கிலேயே அவனுக்கு இணை கிடையாது என்று பத்திரிகைகள் எழுதின. அவன் தங்குவது உறுதி என்று எல்லாக் கிளப்பும், எல்லா டீக்கடையும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தன. நிலோஃபருக்கு அவன் வெறும் எபி. ஒரே தெரு. சின்ன வயதில் அவள் அடித்த பந்தை அவன் தடுத்துவிட்டான் என்று அவனோடு ஒரு மாதம் பேசாமல் இருந்திருக்கிறாள். அவள் பதிவுகளைத் தோண்டிக் கேட்டாள். பிப்ரவரி வரைக்கும் லூர்துசாமி அவனைத் தோரணம் கட்டித் திட்டியிருந்தார். மார்ச்சிலிருந்து ஒன்றுமே இல்லை. "பரவால்ல தம்பி." "போ, தண்ணி குடி தம்பி." கடைசிப் பதிவு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.

சீசன் முடிந்தாலும் கொசத்தலையில் மே மாத முகாம் என்று ஒன்று உண்டு. லூர்துசாமி எல்லாரையும் கடைசியாக ஒருமுறை எடைபோடுவது அதில்தான். முகாம் தொடங்கிய அன்று கேன்டீனில் எபிநேசர் அவள் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"இன்னா நிலோ, ஜோசியர் என்னைப் பத்தி இன்னா சொல்றாரு?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதுடா. ரூல்ஸ்."

"சரி, சொல்லாத. மூஞ்சியைக் காட்டு, போதும்."

நிலோஃபருக்குப் பொய் வராது. வாய் ஒருவழியாகச் சமாளித்தாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"போறேனா?"

நிலோஃபர் தன் தட்டின் மேல் குனிந்துகொண்டாள்.

"இந்த வயசுல இங்கேர்ந்து போனா என்னை எவன் எடுப்பான்?" என்றான் மெதுவாக. "எனக்கு இது ஒண்ணுதான் தெரியும் நிலோ. வேற எந்த வேலைக்கும் நான் லாயக்கு இல்ல, கட்டுன பொண்டாட்டி ஷைனியே சொல்லுவா. காலையில எழுந்தா கால் தானா கிரவுண்டுக்கு வருது. இன்னும் ஒரு வருஷம் கேக்கறேன். ஒரே ஒரு வருஷம். அதுக்கு நான் இன்னா பண்ணணும், அதைச் சொல்லு."

சொல்லக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் எதிரே இருந்தவன் எபி. சொல்லிவிட்டாள்.

"கோச் உன்னைத் திட்டணும். அவ்ளோதான். எப்படியாவது திட்ட வை."

அதை அவன் வெளியே விட்டிருக்கக் கூடாது. ஆனால் எபிநேசர் ஒரே ஒருவனிடம், முகாமில் அறைத்தோழனான கோல்கீப்பரிடம், 'யார்கிட்டயும் சொல்லாத' என்று சொல்லிவிட்டுச் சொன்னான். ஒரு விஷயத்தை ஊர் முழுக்கப் பரப்ப இதைவிட நல்ல வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. மறுநாள் காலைக்குள் அணி மொத்தத்துக்கும் தெரிந்துபோயிற்று. லூர்துசாமிக்கும் குமரகுருபரனுக்கும் மட்டும்தான் தெரியாது.

அதற்குப் பிறகு முகாமில் நடந்ததைப் பார்த்தால் கால்பந்தைக் கண்டுபிடித்தவன் கண்ணீர் விட்டிருப்பான். கோல்கீப்பர் உருண்டு வந்த பந்தைக் காலிடுக்கில் விட்டுவிட்டு, எங்கே திட்டு என்று ஆவலோடு திரும்பிப் பார்த்தான். முன்கள ஆட்டக்காரன் பெனால்டியை எண்ணூர் துறைமுகத்தின் திசையில் அனுப்பினான். இன்னொருவன் வேண்டுமென்றே தாமதமாக வந்து, நேராக லூர்துசாமியின் எதிரே போய் நின்று கொட்டாவி விட்டான். தேசிய அணிக்கு ஆடியவன் ஒருவன் இரண்டு காலிலும் இடதுகால் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தான். லூர்துசாமி கத்திக் கத்தி ஓய்ந்துபோனார். திட்டு வாங்கியவர்கள் தலையைக் குனிந்தபடி, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பரிசு வாங்கியவர்கள் போல வரிசைக்குத் திரும்பினார்கள்.

மாடியில் ஜோசியர் கிட்டத்தட்ட எல்லாருமே தங்குவார்கள் என்று அறிவித்தார். குமரகுருபரன் வந்து திரையைப் பார்த்துவிட்டு, "எல்லாரையும் வெச்சுக்கிட்டு நான் என்ன கல்யாணப் பந்தியா நடத்தப்போறேன்?" என்று கேட்டார். நிலோஃபர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜோசியரின் கணக்கில் எல்லாரும் தங்கினார்கள், எபிநேசரைத் தவிர.

அவனும் முயற்சி செய்யாமல் இல்லை. பயிற்சி ஆட்டத்தில் எதிரணி யாருமே பக்கத்தில் இல்லாதபோது, பந்தைத் தலையால் தன் அணியின் கோலுக்குள்ளேயே அழகாகப் போட்டான். மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. இதற்குத் திட்டு விழவில்லை என்றால் வேறு எதற்கு விழும்? லூர்துசாமி நிதானமாக நடந்து வந்து அவன் தோளில் கைபோட்டார்.

"வெயில் ஜாஸ்தியா கீது. போய் நெயல்ல உக்காரு தம்பி."

எபிநேசர் நிழலுக்குப் போய் உட்கார்ந்தான். அழவில்லை. அழுதிருந்தால்கூட நிலோஃபருக்குப் பார்க்கக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

வெயில் தாழ்ந்ததும் அவள் அவனைத் தேடிப்போனாள். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு பெஞ்சில் தனியாக இருந்தான். அவனைச் சிரிக்கவைக்கலாம் என்று நினைத்தாள்.

"டேய், அந்த ஓன் கோல் சூப்பர்டா. இவ்ளோ அழகா நீ எதிராளி கோல்ல ஒண்ணுகூடப் போட்டதில்ல."

அவன் லேசாகச் சிரித்தான்.

"ஆனா அதுக்கு முன்னாடி அந்த த்ரோ பண்ணே பாரு, அதுதான் நடிப்பு. பந்தைக் கையில வெச்சுக்கிட்டு எங்கியோ பார்த்துக்கிட்டு நின்னியே, அப்புறம் நேரா எதிராளி கால்ல கொண்டுபோய்ப் போட்டியே. எங்க கத்துக்கிட்ட?"

"எந்த த்ரோ?"

"போடா."

"இல்ல நிலோ, நான் இன்னிக்கு த்ரோ எதுவும் பண்ணலியே. ஓன் கோல் மட்டும்தான் வேணும்னு பண்ணேன்."

அவள் கையிலிருந்த டேப்லட்டில் அந்த இடத்தைத் தேடி எடுத்துக் காட்டினாள். திரையில் எபிநேசர் பந்தோடு கோட்டருகே நின்றான். கண்கள் எதையும் பார்க்கவில்லை. யாரோ பெயர் சொல்லிக் கத்தினார்கள். அவன் பந்தை எறிந்தான். பெஞ்சில் இருந்த எபிநேசர் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனான்.

"இது இன்னிக்கா?" என்றான். "நானா இது?"

"டேய், தலை வலிக்குதா உனக்கு?"

"கொஞ்ச நாளா கீது. டென்ஷன்ல வரும்னு ஷைனி சொன்னா." அவன் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "டாக்டர்கிட்ட சொல்லிடாத நிலோ. இருக்கற ஒரு சான்ஸும் பூடும்."

அவள் கையை விடுவித்துக்கொண்டு நேராக லூர்துசாமியின் அறைக்கு ஓடினாள். அவர் தொண்டைக்கு இஞ்சித் தேன் குடித்துக்கொண்டிருந்தார். ஜோசியரைப் பற்றி, மைக்குகளைப் பற்றி, திட்டைப் பற்றி, பையன்கள் ஏன் இப்படிக் கோமாளித்தனம் செய்கிறார்கள் என்பதைப் பற்றி எதையும் மறைக்காமல் கொட்டினாள். அவர் முதலில் சிரித்தார். பிறகு முகம் சிவந்தது.

"என் வாயைக் களவாண்டுக்கினு இருந்தியாம்மா நீ?"

"தப்புதான் சார். ஆனா இப்போ அது இல்ல விஷயம். எபிநேசர் போறான்னு சொல்லுது."

"எபியா? அவனை நான் அனுப்பறனா? உன் மிஷினைத் தூக்கிக் கூவத்துல போடு. அவன் இல்லாம எனக்கு டிஃபன்ஸ் ஏது? இன்னா இப்போ, அவனைத் திட்டணும், அவ்ளோதான? வா."

விடுவிடுவென்று மைதானத்துக்கு நடந்தார். நிலோஃபர் பின்னால் ஓடினாள். எபிநேசர் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். லூர்துசாமி இடுப்பில் கைவைத்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வாயைத் திறந்தார்.

"டேய்…"

அதற்குமேல் எதுவும் வரவில்லை. இன்னொரு முறை முயன்றார். நாற்பது வருஷம் தடங்கல் இல்லாமல் ஓடிய வாய் அது. சொல் கிடைக்காமல் திறந்தபடியே நின்றது. கடைசியில், "சாப்ட்டியா தம்பி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி, பெஞ்சின் மறுகோடியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"வரலியேம்மா" என்றார் நிலோஃபரிடம், தாழ்ந்த குரலில்.

"ஏன் சார்? அவன் சரியா ஆடலையா?"

"அதெல்லாம் இல்ல. அவனைப் பார்த்தா எனக்குப் பயமா கீது. எதுக்குன்னு தெரியல." கைகளைப் பார்த்துக்கொண்டார். "பிப்ரவரி கடைசியில ஷில்லாங் மேட்ச்ல அவனுக்கும் அந்தப் பையனுக்கும் தலை மோதிக்கிச்சே, ஞாபகம் கீதா? டாக்டர் டார்ச் அடிச்சுப் பார்த்தாரு, விரலைக் காட்டினாரு, நல்லா கீறான்னு சொல்ட்டாரு. நான் ஒரு ஜோக் அடிச்சேன். இவனும் சிரிச்சான். ஆனா அந்தச் சிரிப்பு லேட்டா வந்துச்சும்மா. நம்ம பழைய போன்ல பேசுனா அந்தப் பக்கம் லேட்டா கேக்குமே, அது மாதிரி. அதுக்கப்புறம் அவன்கிட்ட கத்தவே மனசு வர்ல. கத்தினா உடைஞ்சிடுவான்னு…" பாதியில் நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். அதைத் தன் வாயால் சொல்லும் வரைக்கும் அது அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

நிலோஃபர் டேப்லட்டில் அந்த த்ரோவைக் காட்டினாள். அவர் அதைப் பாதிகூடப் பார்க்கவில்லை. "வண்டியை எடுக்கச் சொல்லு" என்றார்.

மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தபோது மூளையை ஒட்டி ரத்தம் மெல்ல மெல்லக் கசிந்து தேங்கியிருந்தது. மோதிய அன்றைக்குத் தெரியாது, வாரக்கணக்கில் ஊறித்தான் தெரியவரும் என்றார் மருத்துவர். இன்னொரு பந்தைத் தலையால் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஷைனி கேட்டாள். அவர் அறுவை சிகிச்சைக்கான படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். மண்டையோட்டில் சிறிதாகத் துளையிட்டு ரத்தத்தை வெளியே எடுத்தார்கள். எபிநேசர் பிழைத்துக்கொண்டான். ஞாபகம், பேச்சு எல்லாம் பழையபடி வந்துவிட்டன. ஆனால் இனி அவன் ஆடவே கூடாது.

நிலோஃபருக்கு நிம்மதியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. திட்டு வாங்கு என்று அவள் சொல்லிக்கொடுத்ததால்தான், ஓர் அணி முழுக்க வேண்டுமென்றே தப்புச் செய்தது. அந்தக் கூத்தில் ஒருவன் தன்னை அறியாமல் செய்த தப்பு யார் கண்ணிலும் படவில்லை. இன்னும் சில நாள் போயிருந்தால் அவளும்தான் கைதட்டிக்கொண்டு நின்றிருப்பாள்.

முகாம் தொடர்ந்தது, ஆனால் களையில்லை. ஜோசியர் விஷயம் தெரிந்த நாளிலிருந்து லூர்துசாமி வாயைத் திறப்பதில்லை. விசில் மட்டும் ஊதினார். கையைக் காட்டினார். "நான் ஒரு வார்த்தை சொன்னா அது கையெழுத்தாம்மா? அப்புறம் எப்படிப் பேசறது?" என்று நிலோஃபரிடம் ஒருநாள் கேட்டார். பையன்கள் இப்போது ஒழுங்காகத்தான் ஆடினார்கள். ஆனாலும் ஒவ்வொருவனும் ஓரக்கண்ணால் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். சாவு வீட்டில் பந்து விளையாடுவதுபோல் இருந்தது. ஜோசியரும் எந்தக் குரலும் கிடைக்காமல் மூலையில் சும்மா கிடந்தார்.

பட்டியலை லீக்குக்கு அனுப்ப வேண்டிய கடைசி நாள் வந்தது. லூர்துசாமி கூட்டத்தில் உட்கார்ந்து, எபிநேசரின் பெயர் வந்தபோது தரையைப் பார்த்துக்கொண்டு, "அனுப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார். பட்டியலை அனுப்பும் வேலை நிலோஃபருடையது. சாயங்காலம் வரைக்கும் நேரம் இருந்தது. அவள் டேப்லட்டை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு மேலே இருந்த வராந்தாவில் வந்து நின்றாள்.

கீழே எபிநேசர் வந்திருந்தான். லாக்கரைக் காலி செய்ய வந்தவன். மொட்டைத் தலையில் தையல் தழும்பு தெரிந்தது. பூட்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போகவேண்டியவன், கோட்டுக்கு அருகில் வந்ததும் நின்றுவிட்டான். உள்ளே பயிற்சி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. தடுப்பாட்டக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். எபிநேசருக்குப் பொறுக்கவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டு, "டேய், லைனு, லைனு!" என்று கத்திக்கொண்டே ஓரடி உள்ளே போனான். இன்னும் இரண்டடி போனான். அந்த நேரம் பார்த்து மூலையிலிருந்து ஒரு பந்து உயர எழும்பி அவனை நோக்கி வந்தது.

அவன் யோசிக்கவில்லை. எத்தனை வருஷத்துப் பழக்கம்! முழங்காலை மடக்கி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, எகிறத் தயாரானான்.

"டேய்!"

அந்தச் சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. எபிநேசர் அப்படியே தரையில் குந்திவிட்டான். பந்து அவனுக்குப் பின்னால் போய் விழுந்தது.

லூர்துசாமி ஓடிவந்தார். "டேய் கஸ்மாலம்! அறிவு கெட்டவனே! உன் மண்டையை இன்னா கார்ப்பரேஷன் ரோடுன்னு நெனச்சியா, வாரா வாரம் தோண்டி மூடறதுக்கு? பொண்டாட்டி புள்ளையை நடுத்தெருவுல நிக்க வெக்கப் பாத்தியாடா? சோம்பேறி! மூளையைத் தொறந்து பார்த்தாங்களே, உள்ள ஏதாவது இருந்துச்சான்னு நான் கேக்காம வுட்டுட்டேனே! எய்ந்துருடா! இந்தப் பக்கம் இனிமே வந்தியோ, காலை ஒடிச்சு அடுப்புல வெச்சிடுவேன், ஆமா! போடா! பூடு! உன் மூஞ்சியிலயே முயிக்கக் கூடாது!"

நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தது. இத்தனை நாள் அடக்கிவைத்ததெல்லாம் மொத்தமாக வந்துகொண்டிருந்தது. திட்டத் திட்ட அவர் கண்ணிலிருந்து கண்ணீர் கொட்டியது, அதைத் துடைக்கவும் அவருக்கு நேரமில்லை. பையன்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். எபிநேசர் எழுந்து தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறானா அழுகிறானா என்று மேலேயிருந்து நிலோஃபருக்குத் தெரியவில்லை.

கையிலிருந்த டேப்லட் அதிர்ந்தது. ரொம்ப நாளாகச் சும்மா கிடந்த ஜோசியர் ஏதோ சொல்லியிருந்தார். எபிநேசர்: தங்குகிறார். கிட்டத்தட்ட நிச்சயம்.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் குமரகுருபரன் போனில் அழைத்தார்.

"லிஸ்ட் அனுப்பிட்டீங்களா, நிலோஃபர்?"

"இன்னும் இல்ல சார். எபிநேசர் பேர்ல ஒரு சின்னச் சந்தேகம். அவன் இருப்பான்னு ஜோசியர் சொல்றார்."

"எப்படிம்மா இருப்பான்? ஆடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மெஷினுக்கும் கிறுக்குப் புடிச்சிடுச்சா?"

"ஆடுவானா மாட்டானான்னு எல்லாம் அதுக்குத் தெரியாது சார். இங்க இருப்பானா, போயிடுவானா, அது மட்டும்தான் தெரியும். அவன் விஷயத்துல இதுவரைக்கும் அது தப்பா சொன்னதே இல்ல."



"கோச் என்ன சொல்றாரு? அவரைக் கேட்டீங்களா?"

நிலோஃபர் கீழே பார்த்தாள். லூர்துசாமி இன்னும் திட்டிக்கொண்டுதான் இருந்தார். ஒரு கையை நீட்டி, போ போ என்று வாசலைக் காட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு கை எபிநேசரின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது.

"அவருக்கு இன்னும் தெரியாது சார்" என்றாள்.